கடலோரக் கோடை மாளிகையின் பழைய புகைப்படத்தைப் படிப்பது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

பழைய அமெரிக்கப் புகைப்படங்களையும் அஞ்சலட்டைகளையும் சேகரிப்பவர்களின் கைக்கு என்றாவது ஒரு நாள் நியூபோர்ட் மாளிகை ஒன்று வந்து சேரும். ரோட் ஐலண்ட் மாநிலத்தில், அட்லாண்டிக் கரையோரம் இருக்கும் சிறிய நகரம் நியூபோர்ட். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் நியூயார்க் கோடீஸ்வரர்கள் கோடையில் சில வாரங்கள் தங்குவதற்காக மட்டும் அங்கே பளிங்கிலும் சுண்ணாம்புக்கல்லிலும் அரண்மனைகள் எழுப்பினார்கள். அவற்றைப் படமெடுத்து விற்பது பெரிய வியாபாரமாக இருந்தது. அதனால்தான் இன்றும் அந்தப் படங்கள் ஏராளமாகக் கிடைக்கின்றன.

சிக்கல் படத்தின் கீழே எழுதியிருக்கும் வரியில் தொடங்குகிறது. 'வாண்டர்பில்ட் மாளிகை, நியூபோர்ட்' என்று இருக்கும். வாண்டர்பில்ட் என்பது ஒரு கோடீஸ்வரக் குடும்பம். எந்த வாண்டர்பில்ட்? அண்ணன் கொர்னீலியஸுக்கு 'த பிரேக்கர்ஸ்', தம்பி வில்லியமுக்கு 'மார்பிள் ஹவுஸ்', இன்னொரு தம்பி ஃபிரெட்ரிக்குக்கு 'ரஃப் பாயின்ட்' என்று ஒரே ஊரில், ஒரே கடலைப் பார்த்தபடி, ஒரே குடும்பத்துக்குப் பல மாளிகைகள் இருந்தன. தலைப்பு வரியை விற்பவர் எழுதியிருப்பார், அவருக்கு முன்னால் விற்றவர் எழுதியிருப்பார், பிழை அப்படியே பயணப்பட்டிருக்கும். ஆகவே என் முறை இதுதான்: தலைப்பைக் கடைசியில் படியுங்கள். முதலில் தாள், பிறகு கல், பிறகு வெயில், பிறகு மரமும் மனிதர்களும் பேசட்டும்.

உதாரணத்துக்கு மார்பிள் ஹவுஸை எடுத்துக்கொள்கிறேன். நான்கு பெரும் தூண்களும் வெள்ளைப் பளிங்குமாக நிற்கும் அந்த வீட்டின் படம் கிடைத்தால், கீழே உள்ள வரிசையில் போங்கள்.

படி 1: தொடுவதற்கு முன்

கைகளைக் கழுவி நன்றாகத் துடைத்துக்கொள்ளுங்கள். படத்தின் ஓரங்களை மட்டும் பிடியுங்கள். கண்ணாடித் தகட்டு நெகட்டிவ் என்றால் நைட்ரைல் கையுறை அணிவது நல்லது. பருத்திக் கையுறையில் கண்ணாடி வழுக்கும். கிழிந்திருந்தால் செல்லோ டேப் ஒட்டவே கூடாது. அதன் பசை காலப்போக்கில் தாளுக்குள் ஊறி மஞ்சளாகி நிற்கும், எடுக்க முயன்றால் படமும் சேர்ந்து உரிந்து வரும்.

அங்குலத்துக்கு 600 புள்ளிகளுக்குக் குறையாமல் ஸ்கேன் செய்து, தரம் குறையாத டிஃப் (TIFF) கோப்பாகச் சேமியுங்கள். சிறிய படமானால் 1200 வையுங்கள். முன்பக்கம் மட்டும் போதாது, பின்பக்கத்தையும் எடுங்கள். அட்டையில் ஒட்டிய படமென்றால் அட்டையின் நான்கு ஓரமும் தெரியும்படி எடுங்கள். இனி ஆராய்ச்சி முழுவதும் இந்தக் கோப்பில்தான். மூலப்படத்துக்கு ஓய்வு கொடுத்துவிடலாம்.

படி 2: இது எந்த வகைப் படம்?

பத்து மடங்கு பெருக்கும் லென்ஸ் ஒன்று வேண்டும். கைக்கடிகாரம் பழுது பார்ப்பவர்கள் கண்ணில் மாட்டிக்கொள்வார்களே, அது போதும். படத்தின் வெளிச்சமான பகுதி ஒன்றை, உதாரணமாக வானத்தை, அதன் வழியே பாருங்கள்.

ஒழுங்கான புள்ளிகள் வரிசை வரிசையாகத் தெரிந்தால் அது புகைப்படமே அல்ல, பத்திரிகையிலோ புத்தகத்திலோ அச்சான பக்கம். தாளின் நார்கள் தெரிந்து, வெளிச்சப் பகுதி மஞ்சள் பாய்ந்திருந்தால் பெரும்பாலும் முட்டையின் வெள்ளைக்கரு பூசிய அல்புமென் தாள். மெல்லியது என்பதால் அதை எப்போதும் கெட்டி அட்டையில் ஒட்டிவிடுவார்கள். நார் எதுவும் தெரியாமல் வழவழப்பாக இருந்து, இருண்ட ஓரங்களைச் சாய்த்துப் பார்க்கும்போது நீலம் கலந்த வெள்ளிப் பளபளப்பு மின்னினால், ஜெலட்டின் பூச்சுள்ள ஜெலட்டின் சில்வர் தாள். படத்திலுள்ள வெள்ளி காற்றோடு வினைபுரிந்து மேற்பரப்புக்கு வந்து படிவதால் உண்டாகும் பளபளப்பு அது. மார்பிள் ஹவுஸ் கட்டி முடிக்கப்பட்டது 1892இல். அல்புமென் மறைந்துகொண்டிருந்த, ஜெலட்டின் பரவிக்கொண்டிருந்த காலம் அது. எனவே இரண்டு வகையிலும் இந்த வீட்டின் படம் வரலாம்.

வண்ணப்படமாக இருந்தால் கூடுதல் கவனம் தேவை. டெட்ராய்ட்டில் இயங்கிய ஒரு பெரிய பட நிறுவனம் ஃபோட்டோகுரோம் என்ற சுவிஸ் முறையின் அமெரிக்க உரிமையைப் பெற்றிருந்தது. கறுப்பு வெள்ளை நெகட்டிவிலிருந்து கல் அச்சுகள் தயாரித்து, ஒவ்வொரு நிறமாக ஏற்றுவார்கள். லென்ஸில் ஒழுங்கற்ற மணல்துகள் போன்ற புள்ளிகள் தெரியும். அந்தப் புல்லின் பச்சையும் கடலின் நீலமும் அச்சுக்கூடத்தில் பிறந்தவை. திரைச்சீலையின் நிறம், மலர்களின் நிறம் எதையும் அந்தப் படத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

படி 3: திருப்பிப் பாருங்கள்

பின்பக்கம் பல நேரங்களில் முன்பக்கத்தைவிட நேர்மையானது. அமெரிக்க அஞ்சலட்டை என்றால் சில தேதிகளை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். தனியார் அச்சிட்ட அட்டைகளுக்கு அரசு அட்டைக்குரிய குறைந்த கட்டணத்தை அனுமதித்த சட்டம் 1898 மே 19இல் வந்தது. 1907 மார்ச் 1 வரை பின்பக்கத்தில் முகவரி மட்டுமே எழுதலாம். அதன்பிறகுதான் நடுவே கோடு கிழித்து, ஒரு பக்கம் செய்தி, மறுபக்கம் முகவரி என்ற அமைப்பு வந்தது. நடுக்கோடு இல்லாத அட்டை, படத்தின் மேலேயே ஓரமாக நுணுக்கி எழுதிய வாழ்த்து, இரண்டும் சேர்ந்திருந்தால் 1907க்கு முந்தையது என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம்.

புகைப்படத் தாளிலேயே அச்சிட்ட அட்டை என்றால் தபால்தலை ஒட்டும் கட்டத்தைப் பாருங்கள். 'ஏசோ' என்ற தாள் பெயரும் நான்கு மூலையிலும் மேல்நோக்கிய முக்கோணமும் இருந்தால் 1904 முதல் 1918 வரை என்று சேகரிப்பாளர்கள் கணக்கிடுகிறார்கள். ஆனால் இந்தக் கணக்குகள் எல்லாம் தாளின் வயதைத்தான் சொல்லும். பத்து வருடப் பழைய நெகட்டிவை எடுத்துப் புதிய தாளில் அச்சிட்டு விற்றது சர்வசாதாரணம். தாள் தருவது கடைசி எல்லையை மட்டுமே. படம் அதற்கு முன்பு எப்போது வேண்டுமானாலும் எடுக்கப்பட்டிருக்கலாம்.

படி 4: கல்லைப் படியுங்கள்

இப்போது வீட்டுக்கு வருவோம். தூண்களின் தலைப்பகுதியைப் பெரிதாக்குங்கள். அகாந்தஸ் என்ற செடியின் இலைகள் போன்ற செதுக்கல் அடுக்கடுக்காக விரிந்திருந்தால் கொரிந்திய வகை. இரண்டு பக்கமும் சுருள் மட்டும் இருந்தால் அயோனிக். மார்பிள் ஹவுஸ் முகப்பில் இருப்பவை நான்கு கொரிந்தியத் தூண்கள், தரையிலிருந்து கூரை விளிம்புவரை இரண்டு மாடி உயரத்துக்கு ஒரே வீச்சில் எழுபவை. தூண்களின் முன்னே, வண்டிகள் ஏறி வாசலில் ஆட்களை இறக்கிவிட்டு மறுபக்கம் இறங்குவதற்கான வளைந்த சாய்வுப்பாதை, பளிங்குக் கைப்பிடிச் சுவரோடு இருக்கும். இந்த இரண்டும் தெரிந்தால் வீடு எது என்பதில் குழப்பமே வேண்டாம்.

ரோஸ்கிளிஃப்போடு இதைக் குழப்பிக்கொள்கிறவர்கள் அதிகம். அதுவும் வெள்ளை, அதுவும் கடலோரம். ஆனால் ரோஸ்கிளிஃப் 1898இல் தொடங்கி 1902இல் முடிந்தது. ஸ்டான்ஃபோர்ட் ஒயிட் வடிவமைத்தார். பிரான்ஸின் வெர்சாயில் உள்ள 'கிராண்ட் ட்ரியானோன்' அரண்மனை அதற்கு முன்மாதிரி. நெவாடா வெள்ளிச் சுரங்கப் பணத்தின் வாரிசான தெரஸா ஃபேர் ஓல்ரிக்ஸுக்காகக் கட்டியது. அதன் வெண்மை பளிங்கின் வெண்மை அல்ல, மெருகேற்றிய சுடுமண் ஓடுகளின் வெண்மை. தூண்கள் அயோனிக், வரிசையாக வளைவுக் கதவுகள், நீண்டு கிடக்கும் தோற்றம். த பிரேக்கர்ஸ் இவை இரண்டையும் போன்றதல்ல. இத்தாலிய மறுமலர்ச்சி பாணியில், 70 அறைகளோடு, 1895இல் முடிந்த பெரும் கட்டடம் அது. நடுவில் அடுக்கு வளைவுத் தாழ்வாரம் தெரிந்தால் அதுதான்.

மார்பிள் ஹவுஸை வடிவமைத்த கட்டடக் கலைஞர் ரிச்சர்ட் மோரிஸ் ஹன்ட். பாரிஸின் புகழ்பெற்ற எகோல் தே போஸார் கலைப்பள்ளியில் கட்டடக் கலை பயின்ற முதல் அமெரிக்கர். சுதந்திர தேவி சிலையின் பீடமும் அவர் கைவண்ணம்தான். வெர்சாயின் இன்னொரு மாளிகையான 'பெட்டீ ட்ரியானோ'னை மனதில் வைத்து இந்த வீட்டை வரைந்தார். கட்டுமானம் 1888 முதல் 1892 வரை நடந்தது. செலவு 1.1 கோடி டாலர், அதில் 70 லட்சம் டாலர் பளிங்குக்கு மட்டும். சுமார் 5 லட்சம் கன அடி பளிங்கு. வில்லியம் வாண்டர்பில்ட் தன் மனைவி ஆல்வாவுக்கு 39ஆவது பிறந்தநாள் பரிசாக இந்த வீட்டைக் கொடுத்தார்.

இந்தப் படியில் ஒரு விஷயத்தை நின்று கவனிக்க வேண்டும். படத்தில் இரண்டு மாடிதான் தெரிகிறது. உண்மையில் அந்த வீட்டுக்கு நான்கு தளங்கள். சமையலறையும் வேலைக்கான அறைகளும் அடித்தளத்தில். வரவேற்பு அறைகள் தரைத்தளத்தில். படுக்கையறைகள் அதற்கு மேல். வேலைக்காரர்களின் அறைகள் உச்சியில், கூரை விளிம்புக்குப் பின்னால் வெளியே தெரியாதபடி. 50 அறைகள் கொண்ட வீட்டை நடத்த 36 பணியாளர்கள் தேவைப்பட்டார்கள். பண்டைய கோயில் போன்ற தூய வடிவம் வேண்டும் என்றால், துவைப்பதும் சமைப்பதும் தூங்குவதும் கண்ணில் படக்கூடாது. பண்டைய கிரேக்க, ரோமானியக் கட்டடங்களைப் பின்பற்றும் இந்த நியோகிளாசிக்கல் முகப்பின் அழகு அந்த மறைப்பில்தான் நிற்கிறது. ஸ்கேன் கோப்பில் கூரை விளிம்பை நன்றாகப் பெரிதாக்கி, அந்தக் கோட்டின் மேல் என்ன எட்டிப் பார்க்கிறது என்று தேடுங்கள். புகைபோக்கி தெரிந்தால், கீழே அடுப்பும் கணப்பும் எரிந்த வீடு அது என்பது நினைவுக்கு வரும்.

படி 5: வெயில் எந்தப் பக்கம்?

எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த பகுதி இது. மார்பிள் ஹவுஸ் பெல்வியூ அவென்யூவின் கிழக்குப் பக்கத்தில் இருக்கிறது. அந்தத் தெரு ஏறக்குறைய தெற்கு வடக்காக ஓடுகிறது. எனவே தூண் முகப்பு மேற்கே தெருவைப் பார்க்கிறது, பின்பக்கம் கிழக்கே கடலைப் பார்க்கிறது. காலையில் முகப்பு நிழலில் கிடக்கும். உச்சி சாய்ந்த பிறகுதான் வெயில் தூண்கள்மேல் விழும். கடல் பக்கத்து முகம் பளிச்சென்று இருந்தால், படமெடுத்தது முற்பகலில்.

முகப்பை எதிரே நின்று பார்ப்பவருக்கு வலப்புறம் தெற்கு. பிற்பகல் வெயில் வலப்புறத்திலிருந்து வருவதால் தூண்களின் நிழல் இடப்புறமாகச் சரிய வேண்டும். நிழல் வலப்புறம் சரிந்தால் இரண்டே காரணங்கள்தான் இருக்க முடியும். ஒன்று, கோடைக்கால மாலை. அந்த அட்சரேகையில் நடுக்கோடையில் சூரியன் மாலை நான்கு மணி வாக்கில் நேர் மேற்கைக் கடந்து வடக்கே சாயத் தொடங்கிவிடும். இன்னொன்று, நெகட்டிவைத் திருப்பி வைத்து அச்சிட்டிருக்கிறார்கள். எது என்று பிரித்தறிய நிழலின் சரிவைப் பாருங்கள். மாலை வெயில் தாழ்வாக வரும். வெயில் செங்குத்தாக விழுந்தும் நிழல் வலப்புறம் இருந்தால் படம் கண்ணாடிப் பிம்பமாக அச்சாகியிருக்கிறது என்று சந்தேகிக்கலாம். சமச்சீரான கட்டடங்களில் இந்தப் பிழை எளிதில் தப்பிவிடும். இடமும் வலமும் ஒன்றுபோல இருக்கும் வீட்டில் தூணை எண்ணிப் பயனில்லை, நிழலைத்தான் கேட்க வேண்டும்.

வானம் வெள்ளையாக இருப்பதைப் பார்த்து மேகமூட்டம் என்று எழுதிவிடாதீர்கள். அந்தக் காலத்துத் தகடுகள் நீல ஒளிக்கு மிகவும் கூர்மையானவை, சிவப்புக்கு ஏறக்குறைய குருடு. நீல வானம் வெளுத்து விழும், இலைகள் கறுத்து விழும். தரையில் கூர்மையான நிழல் இருக்கும்போது வானம் வெளுத்திருந்தால் அன்று நல்ல வெயில்.

தூண்களின் செங்குத்துக் கோடுகள் மேலே குறுகாமல் நேராக நிற்கின்றனவா என்றும் பாருங்கள். உயரமான கட்டடத்தைச் சாதாரணக் கேமராவை அண்ணாந்து வைத்து எடுத்தால் கோடுகள் உள்ளே சாயும். முக்காலியில் நிறுத்திய பெரிய கேமராவில், உடலை மட்டமாக வைத்துக்கொண்டு லென்ஸ் பலகையை மட்டும் மேலே உயர்த்தலாம். கோடுகள் நேராக இருந்தால் எடுத்தவர் தொழில்முறைக் கலைஞர், படம் விற்பனைக்காக எடுத்தது என்று கொள்ளலாம். சாய்ந்திருந்தால் சுற்றுலா வந்தவரின் கையடக்கக் கேமராவாக இருக்க வாய்ப்பு அதிகம். என்னைக் கேட்டால் இரண்டாவது வகையே அரிய வரவு.

படி 6: ஆண்டை நெருக்குங்கள்

இந்த வீட்டின் வரலாறே நமக்கு நாட்காட்டி. 1892க்கு முன் வீடு முழுமையாக இல்லை. 1895இல் ஆல்வா விவாகரத்து பெற்றார். அக்காலத்துக் கனவான் வீட்டுப் பெண்கள் நினைத்தும் பார்க்காத காரியம் அது. வீடு அவர் பெயரிலேயே இருந்தது. 1896இல் ஆலிவர் பெல்மான்ட்டை மணந்து, அதே தெருவில் இருந்த அவருடைய பெல்கோர்ட் மாளிகைக்குக் குடிபோனார். 1908இல் பெல்மான்ட் இறந்த பிறகு மார்பிள் ஹவுஸுக்கு மீண்டும் உயிர் வந்தது. எனவே சாளரங்கள் அடைத்து, தோட்டத்தில் ஆள் நடமாட்டம் இல்லாமல், புல்வெளி மட்டும் ஒழுங்காக வெட்டியிருக்கும் படம் கிடைத்தால், இந்த இடைக்காலத்தை நினைவில் வையுங்கள். கோடை அல்லாத மாதங்களிலும் வீடு அப்படித்தான் இருக்கும் என்பதால் மரங்களின் இலைகளையும் சேர்த்துப் பாருங்கள். மரம் முழு இலையோடு நிற்க, சாளரம் அடைத்திருந்தால் அது கவனிக்கத்தக்கது.

அடுத்த அடையாளம் கடல் பக்கத்தில் இருக்கிறது. பாறை விளிம்பில், வளைந்த ஓட்டுக் கூரையோடு ஒரு சீனத் தேநீர் மண்டபம். ஹன்ட்டின் மகன்கள் 1912-14இல் கட்டிக்கொடுத்தது. படத்தில் அது இருந்தால் 1912க்குப் பிந்தையது. அது இருக்க வேண்டிய இடம் தெளிவாகத் தெரிந்தும் மண்டபம் இல்லை என்றால் முந்தையது. இதைவிட எளிய சோதனை இந்த வீட்டுக்குக் கிடையாது.

புல்வெளியில் அகன்ற தொப்பி அணிந்த பெண்களின் பெருங்கூட்டம் தெரிந்தால் நெஞ்சு படபடக்கலாம். ஆல்வா பெண்கள் வாக்குரிமைக்காகத் தன் பணத்தையும் வீட்டையும் கொடுத்துப் போராடியவர். 1909 ஆகஸ்டில் மார்பிள் ஹவுஸைக் கட்டணம் வாங்கிப் பொதுமக்களுக்குத் திறந்து கூட்டம் நடத்தினார். 1914 ஜூலையில் இன்னொரு பெரிய மாநாடு அங்கே நடந்தது. பணக்காரியின் பகட்டு வீடு என்று மட்டும் நாம் கடந்துபோகும் ஒரு படத்தில், வாக்குரிமை கேட்டு வந்த பெண்கள் நின்றுகொண்டிருக்கலாம்.

மற்றபடி வாகனங்கள், உடைகள், கொடிகள் எல்லாம் துணைச் சாட்சிகள். கொடியின் நட்சத்திரங்களை எண்ண முடிந்தால் 45 என்பது 1896-1908, 46 என்பது 1908-1912, 48 என்பது அதற்குப் பிறகு. பெரும்பாலும் கொடி காற்றில் அசைந்து மங்கியிருக்கும். மரங்கள் நம்பகமானவை. ஒரே மரத்தை இரண்டு படங்களில் ஒப்பிட்டால் எது முந்தையது என்று தெரிந்துவிடும். ஆனால் 1938 செப்டம்பர் 21இல் நியூ இங்கிலாந்தைத் தாக்கிய பெரும்புயல் ரோட் ஐலண்டைச் சூறையாடியது என்பதால், மரம் காணாமல் போனதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம்.

படி 7: தேடி உறுதி செய்யுங்கள்

இப்போது தலைப்பு வரியைப் படிக்கலாம். படத்தின் கீழ் மூலையில் வெள்ளை எழுத்தில் எண் பொறித்திருந்தால் அது நெகட்டிவ் எண். டெட்ராய்ட் நிறுவனத்தின் கண்ணாடி நெகட்டிவ்களும் கண்ணாடிப் படங்களுமாக சுமார் 25,000 இன்று வாஷிங்டனில் உள்ள அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் இருக்கின்றன. நூலகத்தின் இணையதளத்தில் தேடி, பெரிய டிஃப் கோப்புகளை இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். தேடும்போது வீட்டுப் பெயரோடு நிற்காதீர்கள். உரிமையாளர் பெயர், தெருப் பெயர், கடற்கரைப் பாறை மேலே செல்லும் 'கிளிஃப் வாக்' நடைபாதையின் பெயர், 'காட்டேஜ்' என்ற சொல் எல்லாவற்றையும் போட்டுத் தேடுங்கள். இந்த அரண்மனைகளை அன்றைய உரிமையாளர்கள் 'காட்டேஜ்', அதாவது சிறு வீடு, என்றுதான் குறிப்பிட்டார்கள்.

அந்த நூலகப் பட்டியலில் தேதி பல நேரங்களில் '1880க்கும் 1899க்கும் இடையே' என்பது போன்ற அகலமான வரம்பாக இருக்கும். மார்பிள் ஹவுஸ் படத்துக்கு அப்படி ஒரு வரம்பு தந்திருந்தால், வீடு முடிந்த ஆண்டை வைத்து உடனே அதை 1892-1899 என்று சுருக்கிவிடலாம். வெயிலும் மரமும் சாளரமும் இன்னும் சுருக்கும். 1933இல் தொடங்கிய அமெரிக்க வரலாற்றுக் கட்டட ஆவணத் திட்டத்தின் அளவு வரைபடங்களும் படங்களும் அதே நூலகத்தில் உண்டு. தூண்களின் அமைப்பை ஒப்பிட அவை மிகவும் உதவும். வீட்டை 1963 முதல் பராமரித்து வருவது நியூபோர்ட் கவுன்டி பாதுகாப்புச் சங்கம். உள்ளூர்ச் செய்திகளுக்கு நியூபோர்ட் வரலாற்றுச் சங்கத்தை நாடலாம்.

வெளியிட நினைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. அந்தக் காலத்தில் அமெரிக்காவில் வெளியான படங்களுக்குப் பதிப்புரிமை, வெளியான ஆண்டிலிருந்து அதிகபட்சம் 95 ஆண்டுகளே. அஞ்சலட்டையாக விற்பனைக்கு வந்த 1900களின் படங்களுக்குத் தடை எதுவும் இருக்காது. குடும்ப ஆல்பத்திலிருந்து வந்த, எங்கும் வெளியாகாத படம் வேறு கணக்கு, எடுத்தவர் இறந்த ஆண்டைப் பார்க்க வேண்டும்.

படி 8: எழுதி வைத்து, பத்திரப்படுத்துங்கள்

கண்டறிந்ததை எழுதும்போது மூன்றாகப் பிரியுங்கள்: படத்தில் கண்ணால் பார்த்தது, அதிலிருந்து ஊகித்தது, வேறு ஆவணத்திலிருந்து எடுத்தது. 'தேநீர் மண்டபம் இல்லை' என்பது பார்த்தது. '1912க்கு முந்தையது' என்பது ஊகம். 'கட்டுமானம் 1892இல் முடிந்தது' என்பது ஆவணம். இப்படிப் பிரித்து வைத்தால், நாளை ஒரு தகவல் தவறென்று தெரியவந்தாலும் மற்றவை சரியாமல் நிற்கும். விற்றவர் எழுதிய பழைய தலைப்பையும் அழிக்காமல், மேற்கோள் குறிக்குள் அப்படியே பதிவு செய்யுங்கள்.

படத்தின் பின்னால் எழுத வேண்டியிருந்தால் மென்மையான பென்சிலால், ஓரத்தில், அழுத்தாமல் எழுதுங்கள். பேனா வேண்டாம். அமிலமில்லாத தாள் உறையிலோ பாலியெஸ்டர் உறையிலோ போடுங்கள். கடையில் மலிவாகக் கிடைக்கும் பிவிசி உறைகள் காலப்போக்கில் பிசுபிசுத்துப் படத்தோடு ஒட்டிக்கொள்ளும். கண்ணாடித் தகடுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்காமல், நீண்ட பக்கம் கீழே இருக்கும்படி தனித்தனித் தாள் உறையில் நிறுத்தி வையுங்கள். ஈரப்பதம் 30 முதல் 50 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது. கடலோர ஊர்களில் வசிப்பவர்கள் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போட்டு, மழைக்காலத்தில் அவற்றை அடிக்கடி மாற்றுங்கள்.